அம்மாவின் கையில் இரண்டு தழும்பு

கேள்வி: 1962இல் பிறந்த என் அம்மாவுக்கு முன்கையில் பெரிய வட்டத் தழும்பு ஒன்றும், தோளுக்குக் கீழே சிறியதாக ஒன்றும் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் போட்டவை என்கிறார். 1986இல் பிறந்த எனக்குச் சிறியது மட்டும்தான். ஏன்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பெரியது அம்மை குத்திய தழும்பு, சிறியது காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி.

எழுபதுகளின் தொடக்கத்தில் சுகாதார ஆய்வாளராக நானே பள்ளிப் பிள்ளைகளுக்கு அம்மை குத்தியிருக்கிறேன். நுனி இரண்டாகப் பிளந்த சிறு ஊசி அது. மருந்தில் தோய்த்து எடுத்தால் பிளவில் ஒரு துளி நிற்கும். செங்குத்தாகப் பிடித்து ஒரே இடத்தில் மளமளவென்று 15 குத்து. லேசாக ரத்தம் துளிர்க்க வேண்டும். குத்தி முடித்ததும் எச்சில் தொட்டுத் துடைக்கப் பார்ப்பார்கள் பிள்ளைகள். அவர்களைத் தடுக்கக் கூடவே ஓர் ஆசிரியர் நிற்பார். கொப்புளம் எழும்பிக் காய்ந்து, சுமார் 3 வாரத்தில் பொருக்கு உதிரும். இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975இல். 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனால்தான் உங்கள் முன்கை வெறுமையாக இருக்கிறது. என் பணிக்காலத்தில் இதைவிட மகிழ்ச்சியான செய்தியை நான் கேட்டதில்லை.

பி.சி.ஜி.யின் கதை அவ்வளவு நேரானதல்ல. கிண்டி ஆய்வகத்தில் தயாரான மருந்தைப் பள்ளி பள்ளியாகப் போட்டபோது, 1955இல் ராஜாஜியே அதை எதிர்த்துச் சிறு நூல் எழுதினார். ஊர்களிலும் பயம் இருந்தது. போட்ட சில வாரங்களில் அந்த இடம் புண்ணாகும். அது இயல்பு, தானே ஆறிவிடும். ஆனால் அதை முன்கூட்டிச் சொல்லாமல் வந்துவிட்டால், பிள்ளையை இழுத்துக்கொண்டு தாய்மார்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

மருந்து பலிக்கிறதா என்பதை நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் லட்சக்கணக்கானவர்களிடம் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1979இல் முடிவு வெளியானது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறான அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்களே, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கைக்குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயை பி.சி.ஜி. பெருமளவு தடுக்கிறது. அதனால்தான் பள்ளிக்கூடம் சேரும்வரை காத்திராமல், இப்போது பிறந்தவுடனே போடுகிறார்கள்.