கம்பஸுக்குக் கிட்டவா, பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டவா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 44 வயது. வவுனியாவில் ஆசிரியை. பாடசாலைகளின் நிதி முகாமைத்துவம் பற்றி ஆய்வுப் பட்டம் செய்யப் பதிந்திருக்கிறேன், மேற்பார்வையாளர் திருகோணமலை வளாகத்தில் இருக்கிறார். கற்கை விடுமுறை கிடைத்துவிட்டது. பிள்ளைகள் இருவரும் அப்பாவோடு வவுனியாவில், நான் வெள்ளி போய் ஞாயிறு திரும்பி வரலாம் என்று நினைக்கிறேன். மூன்று இடம் பார்த்தேன். ஒன்று கோணேசபுரியில், கம்பஸ் கேற்றிலிருந்து நடக்கிற தூரம். மேல்மாடியில் அறை, கீழே மாணவிகள், சமையலறை பொது. இரண்டாவது உப்புவெளியில் கடற்கரைக்குப் பக்கத்தில் புது அனெக்ஸ், வாடகை நினைத்ததைவிடக் குறைவு. மூன்றாவது ரவுனுக்குள் ஒரு பழைய வீட்டின் பின்பகுதி, தனிக் கதவு, அழகு ஒன்றும் இல்லை. கம்பஸுக்குக் கிட்ட எடுப்பதுதான் புத்தி என்கிறார் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: டீச்சர், கிட்டவா தூரமா என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கிழமையில் எத்தனை நாள் கம்பஸுக்குப் போவீர்கள்? இளமாணிப் பிள்ளைகளுக்கு தினமும் விரிவுரை இருக்கும், அவர்கள் கேற்றடியில் இருப்பதில் நியாயம் உண்டு. உங்களுக்கு நேர அட்டவணை என்று ஒன்றில்லை. மேற்பார்வையாளரைச் சந்திக்கும் நாள், நூலகத்துக்குப் போகும் நாள், ஏதாவது கருத்தரங்கு, அவ்வளவுதான். மிச்ச நேரம் முழுக்க நீங்கள் எழுதப்போவது வாடகைக்கு எடுக்கிற வீட்டில்தான். ஆய்வுகூடத்தில் பரிசோதனை செய்கிற பிரயோக விஞ்ஞானக்காரராக இருந்தால் நானே கேற்றடியில் எடுங்கள் என்று சொல்லியிருப்பேன், இரவு எட்டு மணிக்கு மாதிரியைப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் ஆய்வுக்கு அது தேவையில்லை.

உங்களுக்குத் தேவை பாடசாலைகள். திருகோணமலை மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள்: திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய். ஒரு பாடசாலையின் கணக்குப் புத்தகத்தை யாரும் சும்மா எடுத்துக் காட்டமாட்டார்கள், வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும், அதை வாங்க நடக்க வேண்டும், வாங்கிய பிறகு மூதூருக்கும் கந்தளாய்க்கும் பஸ் ஏற வேண்டும். அந்த பஸ் எல்லாம் ரவுன் பஸ் ஸ்டாண்டிலிருந்துதான். கோணேசபுரியில் இருந்துகொண்டு மூதூரில் தரவு சேகரிப்பதென்றால் முதலில் தெற்கே ரவுனுக்கு ஒரு பஸ், பிறகு அங்கிருந்து இன்னொன்று. ஒரு அதிபர் காலை எட்டரைக்கு வரச்சொன்னால் நீங்கள் விடிய முன்னமே கிளம்ப வேண்டும். ஞாயிறு மாலை வவுனியா பஸ்ஸில் வந்து இறங்குவதும் ரவுனில்தான், அந்த நேரத்தில் பையையும் சாப்பாட்டுச் சட்டியையும் தூக்கிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் காத்து நிற்கப் போகிறீர்களா? ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசை மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் கேற்றடியில் எடுப்பது புத்தியாகத் தெரியாது.

கோணேசபுரி அறைக்கு இன்னொரு பிரச்சினை இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். கீழே மாணவிகள், மேலே ஒரு டீச்சர். வீட்டுக்காரம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு மாதம் போக முன்னமே, "அங்க டீச்சர் ஒராள் இருக்கிறா, பயமில்லை" என்று பிள்ளைகளின் அம்மாமாருக்கு ஃபோனில் சொல்லிவிடுவா. அதற்குப் பிறகு நீங்கள் சம்பளமில்லாத வார்டன். யாருக்குக் காய்ச்சல், யார் ஏழு மணிக்கும் வரவில்லை, எல்லாம் உங்கள் கதவைத் தட்டும். அதோடு நீங்கள் வவுனியாவில் ஏ.எல். படிப்பித்த பிள்ளை ஒன்றே கீழ் அறையில் இருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்தப் பிள்ளைக்கும் நிம்மதி இல்லை, உங்களுக்கும் இல்லை. மாணவிகள் இருக்கிற வீடுகளில் ஆறரைக்குக் கேற் பூட்டு என்று ஒரு சட்டம் இருக்கும், அது இருபது வயதுக்காரருக்காகப் போட்டது, அது உங்களுக்கும் பொருந்துமா என்பதை அறை எடுக்க முன்னமே கேட்க வேண்டும், பிறகு கேட்டால் சண்டை. அப்புறம் அந்த மேல்மாடியின் கூரை கொங்கிறீட்டா, சீற்றா என்று எழுதவில்லை. சீற் என்றால் வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கும்போது மத்தியானம் அங்கே உட்கார்ந்து ஒரு பந்தி எழுத முடியாது, மின்விசிறி சூட்டுக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றித் தரும்.

உப்புவெளி அனெக்ஸ். வாடகை ஏன் குறைவு என்று யோசித்தீர்களா? நீங்கள் பார்த்தது மழைக்காலத்தில் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் சுற்றுலாக் காலம் மே முதல் செப்டெம்பர் வரை, அந்த மாதங்களில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அறை என்றாலே நாள் வாடகைதான், வெள்ளைக்காரர் ஒரு கிழமைக்குக் கொடுக்கிற காசு உங்கள் மாத வாடகையைத் தாண்டும். எனவே ஏப்ரலில், "டீச்சர், தம்பி வெளிநாட்டிலயிருந்து வாறான், அறை தேவைப்படுது" என்று மெதுவாக ஒரு கதை வரும். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் பார்க்கப் போகும்போதே நேராகக் கேளுங்கள்: சீசனுக்கு எழும்பச் சொல்வீர்களா, ஒரு வருடத்துக்கு எழுதித் தருவீர்களா? பதிலில் ஒரு இழுவை இருந்தால் விட்டுவிடுங்கள். ஆய்வின் நடுவில் பெட்டி கட்டுவது பெரிய தலையிடி, கேள்விக்கொத்துக் கட்டுகளோடு வீடு மாறுபவர்களின் பாடு எனக்குத் தெரியும்.

கடலுக்குக் கிட்ட என்றால் தண்ணீரையும் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் வருகிறதா, கிணறு மட்டுமா? கிணறு என்றால் அந்தத் தண்ணீரிலேயே ஒரு பிளேன்ரீ போட்டுத் தரச் சொல்லுங்கள். உவர் இருந்தால் நிறம் கறுத்துக் கலங்கும், வாயில் வைத்தாலே தெரியும். கையில் சவர்க்காரம் போட்டுப் பாருங்கள், சரியாக நுரைக்காது. ஜன்னல் கம்பியை விரலால் ஒருமுறை உரசுங்கள். புது பெயின்றுக்குக் கீழிருந்து துரு பொருக்காக உதிர்ந்தால் உங்கள் லப்டொப்பின் கதியும் அதுதான், உப்புக் காற்று எதையும் விடாது.

ஆக, அழகில்லாத அந்த மூன்றாவது இடம்தான் என் தெரிவு. தனிக் கதவு என்பது இந்த வயதில் பெரிய விஷயம், யார் வந்தார் எப்ப போனார் என்று கணக்குக் கேட்க ஆளிருக்காது. கம்பஸுக்குப் போகிற நாளில் நிலாவெளி, புல்மோட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் அரைமணி அளவில் இறங்கலாம், சாம்பல்தீவைத் தாண்டும்போது காற்றும் நன்றாக இருக்கும். ஆனால் கையெழுத்து வைக்க முன்னம் சில விசாரணை. கரண்ட் மீற்றர் தனியா, முன்வீட்டோடு சேர்த்தா? நம் நாட்டு வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது, அலகு கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும், 180 அலகைத் தாண்டினால் உச்சப் படி. இரண்டு குடும்பம் ஒரே மீற்றரில் எரித்தால், நீங்கள் ஒரு லைற்றும் ஒரு ஃபானும் மட்டும் போட்டாலும் மேல் படியின் விலை உங்கள் தலையில் விழும். சப் மீற்றர் இருந்தாலும் மொத்த பில்லை எப்படிப் பங்கிடுவது என்பதை முதல் மாதமே பேசிவிடுங்கள். பழைய வீடு என்றபடியால் ஐப்பசி கார்த்திகையில் ஒழுகுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, பக்கத்து வீட்டில் கேளுங்கள். சீலிங்கில் மஞ்சள் வட்டம் இருந்தால் கேட்கவே தேவையில்லை. மாலை ஆறு மணிக்கு ஒருமுறை போய் நில்லுங்கள், காலையில் அமைதியாக இருந்த ஒழுங்கையில் அந்த நேரம்தான் ரியூஷன் முடிந்து மோட்டார்சைக்கிள் எல்லாம் வரும். பக்கத்தில் கோயில் இருந்தால் திருவிழா மாதத்தையும் விசாரியுங்கள், ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டி யாரும் ஆய்வு எழுதியதில்லை, அந்தக் கிழமைகளில் வவுனியாவுக்குப் போய்விடலாம்.

குப்பைப் பையை மட்டும் இரவில் வாசலில் வைத்துவிடாதீர்கள். ரவுனுக்குள் மான்கள் உலாவுகிற ஊர் இது, விடிய எழும்பினால் உங்கள் மரக்கறித் தோல் எல்லாம் வீதியில் கிடக்கும்.

கேள்வி: எனக்கு 51 வயது, கிண்ணியா, அரச உத்தியோகத்தர். வார இறுதி வகுப்பாக ஒரு பட்டப்பின் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். சனி இரவு தங்க கம்பஸ் பக்கம் ஒரு அறை எடுத்தால் என்ன என்று கூடப் படிக்கிறவர்கள் சொல்கிறார்கள். பங்குக்கு எடுக்கலாமாம்.

பதில்: வேண்டாம் நானா. 2009இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியா தூரம் இல்லை, பாதை படகுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன். மாதத்தில் நாலு இரவுக்காக முப்பது நாள் வாடகை கட்டுவது வீண். பங்கு அறையில் படிப்பு நடக்கும் என்று வேறு நினைக்கிறீர்கள், நாலு உத்தியோகத்தர் ஒரு அறையில் கூடினால் இடமாற்றமும் சம்பள நிலுவையும்தான் பேசப்படும். பரீட்சை மாதத்தில் மட்டும் தெரிந்த வீட்டில் ஒரு அறையைக் கிழமைக் கணக்கில் கேளுங்கள். அது சீசனுக்குள் வந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

கேள்வி: ஹற்றனிலிருந்து எழுதுகிறேன் அக்கா. வயது 38. முழுநேரமாக ஆய்வு செய்ய மனைவியோடும் மகளோடும் திருகோணமலைக்கு வரப்போகிறேன். மகள் வருகிற வருடம் முதலாம் தரம். நல்ல பாடசாலை ஒன்றுக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் அனுமதி கிடைக்குமா?

பதில்: தம்பி, அந்த நம்பிக்கையில் கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள். முதலாம் தர அனுமதியில் அண்மையில் வசிப்பவர் என்ற பிரிவில் புள்ளி போடும்போது முந்திய வருடங்களின் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நேற்று வந்து இன்று வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு அது உதவாது. எல்லாரும் முண்டியடிக்கிற பாடசாலையை விட்டுவிட்டு, இடம் மிச்சமிருக்கிற பாடசாலைகளை வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். சின்ன வகுப்பு, ஆசிரியைக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், அதுவே போதும். எனவே முதலில் பாடசாலை, பிறகு வீடு, கடைசியில்தான் கம்பஸ். பஸ்ஸில் போக உங்களால் முடியும், ஆறு வயதுப் பிள்ளையை பஸ்ஸில் அனுப்ப முடியாது. மனைவி வேலை தேடுவதாக இருந்தால் அதற்கும் ரவுன்தான் வசதி. உங்கள் ஊர்க் குளிருக்குப் பழகிய பிள்ளைக்கு எங்கள் வெயில் பிடிபடக் கொஞ்சக் காலம் எடுக்கும், தை மாசியில் வந்து இறங்கினால் வெயில் ஏற முன்னம் பழகிவிடும். வந்தவுடனே கிராம சேவையாளரிடம் பதிந்துகொள்ளுங்கள், வதிவிடச் சான்றிதழ் கேட்காத இடமில்லை.

கேள்வி: உப்புவெளியில் எனக்கு ஒரு சின்ன அனெக்ஸ் இருக்கிறது. இதுவரை மாணவப் பிள்ளைகளுக்குத்தான் கொடுத்தேன். இப்போது நாற்பத்தைந்து வயதில் ஒருவர் வந்து தானும் மாணவர்தான் என்கிறார். நம்பலாமா? எழுத்து வேண்டுமா, வாய்ப்பேச்சே போதுமா?

பதில்: பதிவுக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள் அம்மா. இந்த வயதில் படிக்க வருகிறவர்கள் வாடகையை முதலாம் திகதியே தந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறவர்கள், பாட்டுச் சத்தம் வராது. சந்தேகப்பட்டு, கூடுதல் முற்பணம் கேட்டு விரட்டிவிடாதீர்கள். எழுத்து கட்டாயம் வேண்டும், அவருக்காக மட்டுமில்லை, உங்களுக்காகவும்தான். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். முத்திரை ஒட்டி வீட்டிலேயே எழுதிய தாள் ஆறுதலுக்குத்தான். முற்பணம் எவ்வளவு, எப்ப திருப்பித் தருவது, எத்தனை மாத முன்னறிவித்தல், கரண்ட் பில் எப்படி என்பதெல்லாம் நொத்தாரிசு எழுத்தில் வரட்டும். சீசனில் அறை தேவைப்படும் என்று மனதில் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லி, ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை என்று எழுதி, வாடகையையும் அதற்கேற்பக் குறைத்துக் கொடுங்கள்.