நாஞ்சில் நாட்டு வயலும் திருவிழாவும்: கேட்டவர்களுக்குப் பதில்

குமரி மாவட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கடலையும் சூரியோதயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வயலையும் கோவிலையும் பார்க்க வர நினைக்கிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, தோவாளைப் பக்கம் நெல் போடுகிற நான் தெரிந்த அளவு சொல்கிறேன்.

அண்ணாச்சி, பிள்ளைகளோடு வர எந்த மாதம் நல்லது?

மார்கழிதான். இங்கே இரண்டு போகம். கன்னிப்பூ ஆவணி, புரட்டாசியில் அறுப்பு, கும்பப்பூ மாசியில் அறுப்பு. மார்கழியில் கும்பப்பூ பயிர் தொண்டைக்கதிரோடு, அதாவது கதிர் வெளியே வராமல் தண்டுக்குள்ளேயே இருக்கிற பருவத்தில், பச்சைப்பசேல் என்று நிற்கும். சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலில் பத்து நாள் திருவிழாவும் அப்போதுதான். ஒன்பதாம் நாள் தேரோட்டம். கூட்டம் ஒத்துவராது என்றால் மூன்றாம் நாள் திருவிழா இரவுக்கு வாருங்கள். கோட்டாறு பிள்ளையாரும், வேளிமலை, மருங்கூர் முருகன்மாரும் அப்பா அம்மாவைப் பார்க்க வந்து சேருவார்கள். அதற்கு மக்கள்மார் சந்திப்பு என்று பேர். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்து சேர்ந்த மாதிரியே இருக்கும். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

பக்கத்தில் தேரூர் குளத்தில் வெளிநாட்டுப் பறவைகளும் அந்த மாதங்களில் இருக்கும். காலையில் போங்கள்.

நிறைபுத்தரிசி என்கிறார்களே, அது என்ன ஐயா?

ஆடியில் நடப்பது. முதலில் விளைந்த வயலிலிருந்து நெற்கதிரை அறுத்துக் கட்டாகக் கோவிலுக்குக் கொண்டுவந்து, சாமி முன்னால் வைத்துப் பூஜை செய்வார்கள். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கொத்து கிடைக்கும். கன்னியாகுமரி பகவதி அம்மன் கோவில், நாகராஜா கோவில், சுசீந்திரம் எல்லா இடத்திலும் உண்டு. எங்கள் வீட்டில் அதை நிலைப்படிக்கு மேல் கட்டிவிடுவோம். கதவை வேகமாகச் சாத்தினால் இரண்டு மணி நெல் உதிரும். அம்மா அதை மிதிக்க விடமாட்டாள், பொறுக்கிச் சாமி மாடத்தில் வைப்பாள். அடுத்த ஆடியில் புதுக்கதிர் வந்த பிறகுதான் பழையதை இறக்குவோம்.

ஆடிச் செவ்வாயில் வந்தால் தாழக்குடிப் பக்கம் ஔவையாரம்மன் கோவிலுக்கும் போங்கள். பெண்கள் அங்கேயே அடுப்பு மூட்டிக் கூழும் கொழுக்கட்டையும் செய்து படைப்பார்கள்.

சிவாலய ஓட்டத்தில் வெளியூர்க்காரர் கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. மகாசிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறை திருமலையில் தொடங்கி, பன்னிரண்டு சிவன் கோவிலைச் சுற்றித் திருநட்டாலத்தில் முடியும். நூறு கிலோமீட்டருக்கு மேல். காவி வேட்டி கட்டி, கையில் விசிறியோடு 'கோவிந்தா, கோபாலா' என்று கூப்பிட்டபடி சிவன் கோவிலுக்கு ஓடுகிறார்கள். வழியில் மோரும் கஞ்சியும் கொடுப்பார்கள். பழக்கமில்லாதவர்கள் முழுதும் ஓட வேண்டாம், வண்டியில் பன்னிரண்டையும் பார்ப்பவர்களும் உண்டு.

கோவிலுக்கு உடை?

பெரும்பாலான பெரிய கோவில்களில் ஆண்கள் சட்டை, பனியனைக் கழற்றித்தான் போக வேண்டும். வேட்டி வசதி.

வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வயல் குறைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பேச்சிப்பாறை அணைத் தண்ணீர். 1906-ல் கட்டி முடித்தது. கட்டிய இன்ஜினியர் மிஞ்சின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, போனால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்தத் தண்ணீர் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து, குளத்தில் நிறைந்து, மடை வழியாக எங்கள் பத்துக்கு வரும். பத்து என்றால் சேர்ந்தாற்போல் கிடக்கிற வயல் பரப்பு.

குறைந்தது உண்மைதான். நான் பையனாக இருந்தபோது நாகர்கோவிலை விட்டு வெளியே வந்தாலே இருபக்கமும் வயல். இப்போது பல பத்துகளில் மண்ணடித்து வீட்டுமனை போட்டுவிட்டார்கள். நடுவில் ஒரு மனையை நிரப்பினால் மேலே உள்ளவன் வயலில் தண்ணீர் தேங்குகிறது, கீழே உள்ளவனுக்கு வருவதில்லை. அவர்களும் விற்றுவிடுகிறார்கள். வயல் போனால் நிறைபுத்தரிசிக்குக் கதிரை எங்கே போய் அறுப்பது? அதனால்தான் பார்க்க வருகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிள்ளைகளை வயலில் இறக்கலாமா மாமா?

இறக்கலாம் மக்ளே. வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். நட்ட வயலில் வேண்டாம், தொளி அடித்து, அதாவது உழுது சேறாக்கிப் போட்ட வயலில் விடு. செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டு வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். மடைக்குப் பக்கத்தில் வரப்பு இளகலாக இருக்கும், அங்கே மட்டும் மிதிக்க வேண்டாம். உடைந்தால் ராத்திரிக்குள் தண்ணீர் முழுதும் போய்விடும்.