பல்கலைக்கழக அலுவலகத்தில் சக ஊழியர்கள் சேர்ந்துகொண்டு என்னை ஒதுக்கிவைத்துத் துன்புறுத்துகிறார்கள். தொகுப்பூதியத்தில் இருக்கும் நான் வேலையை விட்டுவிடலாமா?

ராஜினாமாக் கடிதத்தை மட்டும் இப்போது எழுதாதீர்கள்.

நீலகிரியில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். முன்தேதியிட்டு ஒரு பில்லை அனுப்பச் சொன்னார்கள், மறுத்தேன். மறுவாரமே என் மேசை சன்னலோரம் போயிற்று. அந்தச் சன்னலின் கொக்கி உடைந்திருந்தது. மூடுபனி உள்ளே இறங்கி, மாலைக்குள் கோப்புகளெல்லாம் நமுத்துப்போகும். பதினொரு மணிக்கு எல்லோரும் எழுந்து தேநீருக்குப் போவார்கள்; என் மேசையைத் தாண்டும்வரை பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. வீட்டில் சொன்னபோது "இதற்கா அழுகிறாய்?" என்றார் அம்மா. அது அலுவலகத்தில் பட்டதைவிட வலித்தது. மலையில் ஊர் சின்னது வேறு. மார்க்கெட்டிலும் கல்யாண வீட்டிலும் அதே முகங்கள்தான்.

இப்படிப் பணியிடத்தில் கூடி ஒருவரை ஒதுக்கித் துன்புறுத்துவதை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி சுவீடனில் பணியாற்றிய உளவியலாளர் ஹெய்ன்ஸ் லேமன். வாரம் ஒருமுறையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்து நடப்பதைத்தான் அவர் கணக்கில் எடுத்தார். அதைப் படித்த அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அற்பமாகத் தெரிவது, தேதி போட்டு வரிசையாக எழுதினால் அற்பமாக இருக்காது. ஒரு நோட்டு வாங்கினேன். தேதி, நேரம், சொன்னவர், சொன்ன சொல், பக்கத்தில் இருந்தவர். என் ஆத்திரத்தை அதில் எழுதவில்லை.

நவம்பர் மழையில் குன்னூர்ச் சாலையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. அதே பஸ்ஸில் வந்த மூவரில் எனக்கு மட்டும் தாமதத்திற்கு மெமோ. பஸ் நின்ற இடம், நேரம் எல்லாம் எழுதி, "உடன் வந்த இருவரிடமும் விளக்கம் கேட்கப்பட்டதா?" என்று பணிவாகவே கேட்டு, தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அந்த மெமோவைப் பற்றி அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை. வாய்மொழி உத்தரவுகளுக்கும் அதையே செய்தேன்: "தாங்கள் இன்று கூறியபடி கோப்பை நிறுத்திவைத்துள்ளேன்" என்று ஒரு வரிக் குறிப்பு. பிறகு அப்படிப்பட்ட உத்தரவுகள் வருவது குறைந்தது.

சட்டத்தைப் பற்றி உங்களை ஏமாற்ற மாட்டேன். பணியிடத் துன்புறுத்தலுக்கென்று நம் நாட்டில் பொதுவான தனிச்சட்டம் இல்லை. 2009 ராகிங் தடுப்பு விதிகள் மாணவர்களுக்கானவை. நீங்கள் பெண்ணாக இருந்து, நடப்பதில் பாலியல் தொல்லை இருந்தால் 2013 சட்டப்படி உங்கள் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்திற்குள் எழுதிக் கொடுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மற்றதற்குப் பதிவாளருக்கு எழுத்தில் மனு, உங்கள் கையில் முத்திரையிட்ட நகல். தொகுப்பூதியத்தில் இருப்பவரைப் பணி நீட்டிப்பு நேரத்தில்தான் கழற்றிவிடுவார்கள். முடித்த வேலைகளின் பட்டியலை மாதந்தோறும் பிரிவுத் தலைவருக்கு அனுப்பி நகல் வையுங்கள்.

தூக்கம் கெட்டால் 14416-ஐ அழையுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண். நான் அழைக்காமல் எட்டு மாதம் தாங்கினேன், அது தவறு.

ஒரு நாள் அனுப்புகைப் பிரிவு அக்கா தன் தேநீரை எடுத்துக்கொண்டு வந்து என் சன்னலோரம் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் வந்தார். உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் முதலில் சொல்லுங்கள்.