ஞானஸ்நானம் கொடுத்தவர் விழுந்துபோனால்?

கேள்வி: ஐயா, எனக்கு ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர் பிற்பாடு பெரிய பாவத்தில் விழுந்து ஊழியத்தை விட்டே போய்விட்டார். இப்போது போகிற சபையில் சிலர், "அவர் கொடுத்தது செல்லாது, மறுபடியும் எடுங்கள்" என்கிறார்கள். திருவிருந்து எடுக்கவே பயமாக இருக்கிறது. என்ன செய்ய? – ஒரு சகோதரி, திருநெல்வேலி

பதில்: மறுபடியும் எடுக்க வேண்டாம் சகோதரி. திருவிருந்துக்கும் தைரியமாகப் போங்கள்.

இது இன்று நேற்று கிளம்பிய கேள்வி இல்லை. 303-ல் ரோமப் பேரரசன் தியோக்கிளேத்தியான் சபையை உபத்திரவப்படுத்தி, வேதப் புத்தகங்களைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னபோது, வட ஆப்பிரிக்காவில் உயிருக்குப் பயந்து ஒப்படைத்துவிட்ட ஊழியக்காரர்களும் இருந்தார்கள். அப்புறம், இப்படிப்பட்டவர்களோடு ஐக்கியமாக இருக்கிற சபையின் ஞானஸ்நானமே செல்லாது என்று தொனாத்து என்ற ஆயரின் கூட்டத்தார் பிரிந்துபோய், தங்களிடம் வந்தவர்களுக்கு மறுபடியும் கொடுத்தார்கள். 314-ல் இன்றைய பிரான்சில் இருக்கும் ஆர்ல் நகரத்தில் கூடிய ஆயர்கள் சங்கம் இதை மறுத்தது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் பெற்றவருக்குத் திரும்பக் கொடுக்காதே, கைகளை வைத்துச் சேர்த்துக்கொள் என்றது. பிற்பாடு அதே வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீன் இன்னும் தெளிவாகச் சொன்னார்: பேதுரு கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும், கொடுக்கிறவர் கிறிஸ்துவே.

யூதாசை ஏன் இழுக்கிறார்? யோவான் 4:2-ஐப் பாருங்கள். இயேசு தாமே ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, சீஷர்கள்தான் கொடுத்தார்கள். அந்தச் சீஷர்களில் யூதாசும் ஒருவன்! அவன் காட்டிக்கொடுத்த பிறகு, யாரையாவது தேடிப்பிடித்து மறுபடியும் கொடுத்ததாக வேதத்தில் ஒரு வரி உண்டா? பவுலும் அப்படித்தான். கொரிந்துவில் ஆளுக்கொரு ஊழியக்காரர் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டபோது, கிறிஸ்பு, காயு, ஸ்தேவானுடைய வீட்டார், இவர்களைத் தவிர வேறு யாருக்காவது கொடுத்தேனோ, எனக்கு நினைவில்லை என்று எழுதிவிட்டார். யார் கை என்பது அவருக்கு அவ்வளவு சின்ன விஷயம்.

ரோமர் 6-ஐ உட்கார்ந்து நிதானமாக வாசியுங்கள். தண்ணீருக்குள் போவது கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுவது, எழும்பி வருவது புதிய ஜீவனுக்குள் நடப்பது. ஆற்றில் உங்கள் தோளைப் பிடித்து முக்கி எடுத்தவர் அந்தப் போதகர், சரி. ஆனால் நீங்கள் அடக்கமானது அவரோடு இல்லை, கிறிஸ்துவோடு.

அப்போஸ்தலர் 19-ல் எபேசு சீஷர்கள் மறுபடியும் பெற்றார்களே என்று யாராவது காட்டுவார்கள். அவர்கள் அதுவரை பெற்றிருந்தது யோவான் ஸ்நானகனின் ஞானஸ்நானம் மட்டும். இயேசுவின் நாமத்தில் பெற்றது அதுதான் முதல் தடவை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு நீங்களே விசுவாசித்து இறங்கினீர்களா, இல்லை கல்யாணத்துக்காகவோ வீட்டார் வற்புறுத்தியோ இறங்கினீர்களா? இரண்டாவது என்றால் அது வேறு பேச்சு, உங்கள் போதகரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். முதலாவது என்றால், இனி யார் கேட்டாலும் "நான் ஞானஸ்நானம் பெற்றவள்" என்றே சொல்லுங்கள்.