காட்டுப் பாதையில் ஓடும் பழைய லாண்ட் ரோவருக்குள் கணினி பொருத்துவது எப்படி?

மல்லாவியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவரிடம் 300 டிடிஐ டீசல் எஞ்சின் உள்ள பழைய டிஃபெண்டர் 110 இருக்கிறது. வரைபடம், எஞ்சின் அளவீடுகள், பின்கமரா மூன்றையும் ஒரே திரையில் காட்டும் கணினியை அதில் நிரந்தரமாகப் பொருத்த வேண்டும். எந்தக் கணினியை வாங்கலாம்? கைத்தொலைபேசியே போதாதா?

கணினியைக் கடைசியாக வாங்குங்கள். கிளிநொச்சியில் வாகன மின்வேலை செய்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். காட்டு வண்டிக்குள் ஒரு கணினி எத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்பதற்கும் அதன் வேகத்துக்கும் தொடர்பு குறைவு. அதற்குப் போகும் மின்சாரம், அது இருக்கும் இடத்தின் வெப்பம், அதில் படியும் புழுதி, இந்த மூன்றும்தான் அதை முடிவு செய்கின்றன. ஆகவே பட்டரியில் தொடங்கித் திரையில் முடியுங்கள்.

தொலைபேசி வரைபடம் காட்டும், மறுக்கவில்லை. ஏ9 வீதிக்கும் பரந்தன் முல்லைத்தீவு வீதிக்கும் அது தாராளமாகப் போதும். ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில் உள்ளே இறங்கினால் அலை வரும், போகும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து அதையும் சமாளிக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் முன்கண்ணாடிக்குப் பின்னால் பொருத்திய தொலைபேசி சூடேறித் தானாகவே அணைந்துவிடும். எஞ்சினுக்குள் நடப்பதும் அதற்குத் தெரியாது. எனக்கு இந்த இரண்டாவது காரணமே பெரியது, பின்னால் சொல்கிறேன்.

முதலில் மின்சாரம். 12 வோல்ட் வண்டி என்று நாம் சொல்கிறோமே தவிர, அது 12 வோல்ட்டில் நிற்பதே இல்லை. நிறைந்த பட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏறும். ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் 9 வோல்ட்டுக்கும் கீழே விழலாம்; பட்டரி பழையதென்றால் இன்னும் கீழே. இதைவிடக் கொடியது மறுபக்கம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டரி முனை கழன்றால், ஆல்டர்னேட்டர் தரும் மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லாமல் மின்னழுத்தம் ஒரு கணம் பல பத்து வோல்ட்டுக்குத் தாவும். கிரவல் வீதியின் அதிர்வில் பட்டரி முனை தளர்வது நமது ஊரில் அன்றாடச் செய்தி. அந்த ஒரு கணம் ஒரு கணினியைக் கொல்லப் போதும்.

எனவே சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மலிவுச் சார்ஜரை மறந்துவிடுங்கள். உள்ளீடு 6 முதல் 36 வோல்ட் வரை தாங்கி, நிலையான 5 வோல்ட் தரும் டிசி மாற்றி ஒன்றை வாங்குங்கள். அதன் முன்னால் மிகையழுத்தத்தை விழுங்கும் டிவிஎஸ் டயோடு ஒன்று இருக்கட்டும். முழு வேலையிலும் நான் பணத்தைத் தாராளமாகச் செலவிடச் சொல்வது இந்த இரண்டுக்கும்தான்.

மாற்றியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில், போக 3 மீட்டர் வர 3 மீட்டர் என்றால், 5 அம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 0.35 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 12 வோல்ட்டில் இது பொருட்டே அல்ல. 5 வோல்ட்டில் அதே இழப்பு ஏற்பட்டால் மிஞ்சுவது 4.65. ராஸ்பெரி பை என்ற சிறு ஒற்றைப்பலகைக் கணினி 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்சாரம் போதவில்லை என்று எச்சரிக்கத் தொடங்கும். ஆகவே நீண்ட தூரத்துக்கு 12 வோல்ட்டைக் கொண்டுபோங்கள். 5 வோல்ட்டாக மாற்றுவதைக் கணினிக்குப் பக்கத்திலேயே செய்யுங்கள். டிஃபெண்டரில் பட்டரி முன் இருக்கையின் அடியில்தான் இருக்கிறது என்பதால் தூரமும் அதிகமில்லை. நேர் முனையில் இருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸுக்கு முந்திய வயர் எங்காவது உரசிக் கிழிந்தால் தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை.

டிஃபெண்டர் வைத்திருப்பவர் தனியாகக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. அதன் வெளித்தகடுகள் பெரும்பாலும் அலுமினியம், சட்டகம் இரும்பு. இரண்டும் சேரும் இடங்களில் ஈரம் புகுந்தால் அரிப்பு உண்டாகி, மின்தொடர்பு வருடத்துக்கு வருடம் மோசமாகும். பின்விளக்குகள் மங்கி எரியும் பழைய லாண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். பல வேளை காரணம் இதுதான். அதனால் மறைமுனைக்கு (நெகட்டிவ்), அருகில் தெரியும் தகட்டில் ஒரு திருகாணியை முறுக்கி வேலையை முடிக்காதீர்கள். கணினிக்கும் எல்லா உணரிகளுக்கும் மறைமுனை வயரைத் தனியாக இழுத்துப் பட்டரியிலேயே சேருங்கள். இதைச் செய்யாமல் விட்டால் வெப்பநிலை எண்கள் விளக்குப் போடும்போது ஒன்றும் அணைக்கும்போது வேறொன்றுமாகக் குதிக்கும். நீங்கள் மென்பொருளைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

வயர் முனைகளை ஈயப்பற்று வைத்து ஒட்டுவதைவிட, சரியான கருவியால் நசுக்கிப் பிடிப்பது அதிர்வுக்கு நல்லது. ஈயம் ஊறிய இடத்தில் வயர் விறைத்துப்போய், அந்த விளிம்பில் ஆடி ஆடி முறியும். தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் போடுங்கள்.

அடுத்தது அணைக்கும் முறை. சாவியைத் திருப்பியதும் மின்சாரம் பட்டென்று நின்றால், அந்த நேரம் எழுதிக்கொண்டிருந்த நினைவக அட்டையின் கோப்பு அமைப்பு குலையும். ஒருநாள் கணினி எழுந்திருக்காது. இதற்குச் சாவியுடன் உயிர்பெறும் வயரிலிருந்து கணினிக்கு ஒரு செய்தி மட்டும் கொடுங்கள். பிசி817 போன்ற ஒளியிணைப்பி ஒன்று போதும். ராஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால் நேரடியாக இணைக்கவே கூடாது. சாவி அணைந்த செய்தி வந்ததும் கணினி தன்னை ஒழுங்காக மூடிக்கொள்ளும். தாமத ரிலே ஒன்று ஒரு நிமிடம் கழித்து மின்சாரத்தை முற்றாக வெட்டும். அதோடு, இயங்குதளம் உள்ள பகுதியை வாசிக்க மட்டும் முடியும்படி அமைத்து, பயணப் பதிவுகளை வேறு பகுதியில் எழுதச் செய்யுங்கள். இரண்டையும் செய்தால் ஆண்டுக்கணக்கில் தொல்லை இராது.

முற்றாக வெட்டுவதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் பட்டரி. கணினி, ஏழு அங்குலத் திரை, ஜிபிஎஸ், கமரா எல்லாம் சேர்ந்து 15 முதல் 20 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்றரை அம்பியர். ஓர் இரவு முழுவதும் அதை மறந்து விட்டால் காலையில் ஸ்டார்ட்டர் முனகும். கணினியைத் தவிர வேறு கருவிகளும் ஓட வேண்டுமென்றால் இரண்டாவது பட்டரி வையுங்கள். மின்னழுத்தம் 13.3 அளவுக்கு ஏறும்போது இரண்டையும் இணைத்து, 12.8க்கு இறங்கும்போது பிரிக்கும் ரிலேக்கள் கிடைக்கின்றன. எக்காரணம் கொண்டும் லித்தியம் பவர் பேங்க்கை டாஷ்போட்டுக்குள் புதைக்காதீர்கள். அவ்வகைக் கலங்களைப் பொதுவாக 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போட் அதைச் சிரமமின்றித் தாண்டும்.

வெப்பத்துக்கும் புழுதிக்கும் ஒரே மருந்துதான்: விசிறி இல்லாத, மூடிய அலுமினியப் பெட்டி. விசிறி வைத்தால் அது நம்முடைய செம்புழுதியை உள்ளே இழுத்து வெப்பக்கடத்தியின் மீது போர்த்திவிடும். ராஸ்பெரி பை 4 தன் சிப் 80 பாகையை எட்டும்போது வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் என்பதால், சிப்பிலிருந்து பெட்டியின் சுவருக்கு வெப்பம் போகும் வழி நல்லதாக இருக்க வேண்டும். பெட்டியை இருக்கைகளுக்குப் பின்னால், உயரமாகப் பொருத்துங்கள். குளம் வான் பாயும் காலத்தில் பாதையை அறுத்தோடும் தண்ணீரைக் கடக்கிறவர்களுக்கு இருக்கையின் அடி பாதுகாப்பான இடமல்ல.

இப்போது எஞ்சின். கடைகளில் ஓபிடி அடாப்டர் (வண்டியின் சொந்தக் கணினியிலிருந்து எஞ்சின் தகவலை வாசிக்கும் கருவி) ஒன்றைக் காட்டி, செருகினால் எல்லாம் திரையில் வரும் என்பார்கள். உங்கள் வண்டிக்கு அது உதவாது. 300 டிடிஐயின் எரிபொருள் பம்ப் இயந்திர வகை. கேட்டுப் பதில் பெற அங்கே கணினியே இல்லை. ஆகவே உணரிகளை நாமே வைக்க வேண்டும். இதில் ஓர் அழகு உண்டு: எதை அளப்பது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

நான் முதலில் வைக்கச் சொல்வது சிலிண்டர் தலையின் உலோகத்தில் ஒரு வெப்ப உணரி. வண்டியோடு வந்த வெப்பமானியின் உணரி குளிரூட்டும் நீருக்குள் மூழ்கியிருக்கும்வரைதான் உண்மை பேசும். குழாய் வெடித்து நீர் முழுவதும் வெளியேறிவிட்டால், அந்த உணரி வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கும். முள் அசையாமல் நடுவிலேயே இருக்கலாம், சில வேளை கீழேகூட இறங்கலாம். ஓட்டுநர் நிம்மதியாக ஓட்டிக்கொண்டே போவார், தலை வளைந்து கேஸ்கட் போகும். துணுக்காய்க்குத் தெற்கே ஏதோ ஒரு வண்டில் பாதையில் இது நடந்தால் இழுத்து வர ஓர் உழவு இயந்திரத்தைத் தேடுவதே ஒரு நாள் வேலை. போல்ட்டின் அடியில் இறுகும் வளைய முனை கொண்ட, உள்ளே மின்காப்பிட்ட கே வகை வெப்ப இரட்டையும் (தெர்மோகப்பிள்) மேக்ஸ்31855 சிப் பொருத்திய சிறு பலகையும் இந்த ஆபத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலோகத்தின் சூடு பொய் சொல்லாது.

கூடவே, குளிரூட்டும் நீரின் மட்டம் குறைந்தால் ஒலிக்கும் தனி மணி ஒன்றையும் வையுங்கள். அதைக் கணினியோடு கட்டாதீர்கள். கணினி உறைந்துபோன நேரத்திலும் அது கத்த வேண்டும். எஞ்சினின் சுழற்சியை ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து எடுக்கலாம். எண்ணெய் அழுத்தத்துக்குத் தனி உணரி உண்டு. இவை பின்னர் சேர்க்கக்கூடியவை.

ஜிபிஎஸ் அன்டெனாவைக் கூரையில் வையுங்கள். காந்த அடியுள்ளது டிஃபெண்டரில் ஒட்டாது, கூரை அலுமினியம். திருகாணியால் பூட்டும் வகையை வாங்குங்கள். டிசி மாற்றியின் மின்னிரைச்சல் ஜிபிஎஸ்ஸின் மெல்லிய சமிக்ஞையைக் கெடுக்கும் என்பதால் இரண்டுக்கும் இடையே தூரம் இருக்கட்டும்.

வரைபடத்துக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் இலங்கைப் பகுதியை முழுதாக இறக்கி வைக்கலாம். ஆனால் வன்னிக்கு அது மட்டும் போதாது. நிலஅளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) வரைபடத் தாள்களில் இன்றைய வரைபடங்களில் தவறிப்போன சிறு குளங்களும், கைவிடப்பட்ட குளக்கட்டுகளும், வண்டில் பாதைகளும் இருக்கின்றன. காட்டுக்குள் ஒரு பழைய குளக்கட்டைக் கண்டுகொண்டால் எங்கே நிற்கிறோம் என்பது தெளிந்துவிடும். அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பொருத்தலாம். அவை கண்டவல (Kandawala) என்ற பழைய நிலஅளவை ஆதாரத்திலும் எவரெஸ்ட் 1830 நீள்கோளத்திலும் வரையப்பட்டவை; ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறோர் ஆதாரம். மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். சிறிய குளமென்றால் நீங்கள் தவறான கரையில் நிற்பதாகத் திரை காட்டும். மென்பொருளில் கண்டவல ஆதாரத்தைத் தேர்ந்தால் விலகல் பெரும்பாலும் நீங்கிவிடும்.

ஒவ்வொரு பயணத்தின் தடத்தையும் சேமியுங்கள். மாரிக்குப் பின் எந்தப் பாதை பிழைத்தது, எது அறுந்தது என்பதை உங்கள் தடங்களைப்போல் வேறெதுவும் சொல்லாது. இங்கே ஒன்றை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது. திரையில் தெரியும் தடம் ஒரு வண்டி போனதைக் காட்டும்; பக்கத்து நிலம் பாதுகாப்பானது என்று அதற்குப் பொருள் இல்லை. ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகுவது இயல்பு. சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் திரையைப் பார்க்காதீர்கள், பலகையைப் பாருங்கள். அறியாத இடமென்றால் அந்த ஊர் மக்களையும் கிராம அலுவலரையும் கேட்காமல் பாதையை விட்டு இறங்காதீர்கள். ஒதுக்கக் காடுகளுக்குள் நுழைய அனுமதி வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது.

திரை பற்றிச் சுருக்கமாக. சாதாரணத் திரைகளின் 250, 300 நிட் ஒளிர்வு நமது வெயிலில் கறுப்புக் கண்ணாடியாகத்தான் தெரியும். 1000 நிட் தேடுங்கள். இரவில் அதே திரையை மிகவும் மங்கலாக்கும் வசதியும் அவசியம். கண் இருட்டுக்குப் பழகாவிட்டால் பாதையோரம் நிற்கும் யானை கடைசி நேரம்வரை தெரியாது. சேற்றுக் கையால் தொடுதிரையை இயக்க முடியாது என்பதால் திருகும் குமிழ் ஒன்றும் நான்கு பொத்தான்களும் வையுங்கள். வானொலித் தொடர்புக் கருவியும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியை முதலில் பெறுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு எந்தக் கணினி என்றால், உங்கள் மூன்று தேவைக்கும் ராஸ்பெரி பை 4 போதும். கமராப் பதிவுகளை நீண்ட நேரம் சேமிக்க விரும்பினால் 6 முதல் 36 வோல்ட் வரை ஏற்கும் விசிறியில்லாத சிறு தொழிற்துறைக் கணினி ஒன்றைப் பாருங்கள். உள்ளே எஸ்எஸ்டிதான் இருக்க வேண்டும். சுழலும் வன்தட்டு கிரவல் வீதியில் நிலைக்காது.

வயர் வாங்குமுன் இருக்கையைத் தூக்கிப் பட்டரிப் பெட்டியைப் பாருங்கள். இராணுவத் தேவைக்காகச் செய்த சில லாண்ட் ரோவர்கள் 24 வோல்ட். உங்களுடையது அவற்றில் ஒன்றா, ஆல்டர்னேட்டரில் டபிள்யூ முனை வெளியே வந்திருக்கிறதா, இந்த இரண்டையும் எழுதுங்கள். அதற்கேற்ற வயரிங் வரைபடத்தைக் கீழே சேர்க்கிறேன்.