அமெரிக்கப் பள்ளி மாவட்டம் சட்டப்படி நடக்கிறதா என்பதைப் பெற்றோர் எப்படி அறிவது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: டெக்சாஸில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகன் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுகிறான், ஆசிரியரிடம் பலமுறை சொல்லியும் "இன்னும் ஓராண்டு பார்க்கலாம்" என்றே பதில் வருகிறது, பள்ளி மாவட்டத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏதேனும் உண்டா, உண்டென்றால் அது பின்பற்றப்படுகிறதா என்று தெரிந்துகொள்வது எப்படி? இதே மாநிலத்தில் ஒரு பள்ளி மாவட்டத்தின் சிறப்புக் கல்விக் கோப்புகளை விதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை என்பதால், தெரிந்தவரை விரிவாகவே எழுதுகிறேன்.

பள்ளி மாவட்டம் என்பது இங்கே தனியானதோர் உள்ளாட்சி அமைப்பு. மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியம் அதை நடத்துகிறது. சொத்து வரி விதிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. அவை தம் விருப்பப்படி நடந்துகொள்ள முடியாதபடி, இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டுச் சட்டம், பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம், மாணவர் ஆவணங்களைப் பற்றிய 1974ஆம் ஆண்டுச் சட்டம் என்று கூட்டாட்சிச் சட்டங்கள் பல இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது 1975இல் நிறைவேறி, இன்று 'ஐடியா' என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் மாற்றுத்திறன் மாணவர் கல்விச் சட்டம். கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று ஐயம் எழும் பிள்ளையைத் தேடிக் கண்டறிந்து மதிப்பிடும் கடமையை அது பள்ளி மாவட்டத்தின் மீதே சுமத்துகிறது. "பெற்றோர் கேட்கவில்லை" என்பது சட்டத்தின் முன் ஒரு பதிலே ஆகாது.

ஆனால் நடைமுறையில் அந்தக் கடமை, தேதி இட்ட ஒரு தாள் கோப்பில் ஏறும்போதுதான் உயிர்பெறுகிறது. பள்ளி வாசலில் ஆசிரியரிடம் சொன்ன சொல்லுக்குத் தேதி கிடையாது. அதை வைத்து எந்தக் கெடுவையும் கணக்கிட முடியாது. டெக்சாஸ் விதிப்படி, சிறப்புக் கல்வி இயக்குநருக்கோ மாவட்டத்தின் நிர்வாக அலுவலர் ஒருவருக்கோ எழுத்துமூலம் மதிப்பீடு கோரினால், 15 பள்ளி நாட்களுக்குள் மாவட்டம் உங்களுக்கு எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். அவர்கள் மதிப்பிட முன்வந்து நீங்கள் சம்மதக் கையொப்பம் இட்டால், அன்றிலிருந்து 45 பள்ளி நாட்களுக்குள் அறிக்கை முடிய வேண்டும். நான் ஒரு கோப்பைத் திறந்ததும் முதலில் பார்ப்பது சம்மதத் தாளில் உள்ள தேதியைத்தான். பிறகு பள்ளி நாட்காட்டியை அருகில் வைத்து, விடுமுறைகளைக் கழித்து, ஒவ்வொரு நாளாக எண்ணுகிறேன். இடையில் பிள்ளை மூன்று பள்ளி நாட்களோ அதற்கு மேலோ வராமலிருந்தால், வராத நாட்கள் அளவுக்குக் கெடு நீளும். கல்வியாண்டின் கடைசி நாளுக்கு முன் 35 பள்ளி நாட்கள்கூட மீதமில்லாத நிலையில் சம்மதம் கொடுத்தால், கணக்கு கோடை விடுமுறையைத் தாண்டி அடுத்த கல்வியாண்டுக்குள் போய்விடும். வசந்த விடுமுறைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் பல மாதங்களை இழப்பது இதனால்தான். ஆகவே கடிதத்தை இப்போதே அனுப்புங்கள்.

"இன்னும் ஓராண்டு பார்க்கலாம்" என்ற பதிலுக்கு இந்த மாநிலத்தில் ஒரு வரலாறு உண்டு. அதை நம் பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 2004இல் டெக்சாஸ் கல்வித் துறை, மாவட்டங்களைக் கண்காணிக்கும் அளவுகோல்களுள் ஒன்றாக, சிறப்புக் கல்வி பெறும் மாணவர் விகிதம் 8.5 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பதை வைத்தது. நாட்டின் சராசரி அப்போது ஏறத்தாழ 13 விழுக்காடு. சட்டத்தில் அப்படியோர் உச்சவரம்பு எங்கும் இல்லை. ஆயினும் அதைத் தாண்டினால் கண்காணிப்பில் மாவட்டத்தின் மதிப்பெண் குறையும் என்ற நிலையில், பல மாவட்டங்கள் மதிப்பீட்டையே தள்ளிப்போட்டன. வாசிப்புப் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம், வேறு உதவி செய்து பார்ப்போம் என்று ஆண்டுகள் கழிந்தன. 2016இல் ஹூஸ்டன் குரோனிகிள் நாளிதழ் இதை வெளிக்கொண்டு வந்தது. 2017இல் சட்டமன்றம் இத்தகைய வரம்பைத் தடைசெய்தது. 2018 ஜனவரியில் கூட்டாட்சிக் கல்வித் துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியதாக எழுத்தில் அறிவித்தது. விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டிய துறையே மீறலுக்குக் காரணமாக இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. அந்த ஆண்டுகளில் உதவி கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இழந்த வயதை யாரும் திருப்பித் தர முடியாது.

படிப்படியான வாசிப்புப் பயிற்சிகளைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று கூட்டாட்சிக் கல்வித் துறை 2011 ஜனவரியிலேயே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பயிற்சி நடக்கட்டும், மதிப்பீடும் உடன் நடக்கலாம்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. பிள்ளையின் பெயர், வகுப்பு, நீங்கள் கவனித்த சிரமங்கள், "சிறப்புக் கல்விக்கான முழுமையான மதிப்பீட்டைக் கோருகிறேன்" என்ற ஒரு வரி, தேதி ஆகியவை இருந்தால் போதும். மின்னஞ்சலில் அனுப்பினால் அனுப்பிய நேரம் தானாகவே பதிவாகிவிடும். மாவட்டம் மறுத்தால், மறுப்புக்கான காரணம், எந்தப் பதிவுகளையும் சோதனைகளையும் வைத்து முடிவெடுத்தார்கள், வேறு எந்த வழிகளை ஆராய்ந்தார்கள் என்பதையெல்லாம் உங்களுக்கு அனுப்பும் மறுப்பு அறிவிப்பில் எழுதியாக வேண்டும். "தேவையில்லை என்று கருதுகிறோம்" என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் அந்தத் தாளே குறையுடையது. அதைத்தான் நீங்கள் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

மதிப்பீட்டுக்குப் பின், பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா, எப்படித் தருவது என்று முடிவெடுக்கும், இங்கே ஏ.ஆர்.டி. என்று சொல்லப்படும் குழு கூடும். பெற்றோர் அதில் முழு உறுப்பினர். ஆங்கிலத்தில் பேசப்படுவது வீட்டில் யாருக்கேனும் முழுமையாகப் புரியாது என்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பெற்றோருக்குக் கூட்டம் புரியும்படி ஏற்பாடு செய்வது மாவட்டத்தின் பொறுப்பு, அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைப் பார்க்கக் கேட்டால் 45 நாட்களுக்குள் காட்டியாக வேண்டும். கூட்டம் நெருங்கியிருந்தால் அதற்கு முன்பே காட்ட வேண்டும்.

15 பள்ளி நாட்கள் கடந்தும் பதில் வரவில்லை என்றால், மாவட்டத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பிவிட்டு, மாநிலக் கல்வித் துறையிடம் எழுத்துமூலம் முறையீடு செய்யலாம். மீறல் நடந்த ஓராண்டுக்குள் அதைச் செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை, துறை பொதுவாக 60 நாட்களுக்குள் விசாரித்து எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். முறையீட்டின் ஒரு படியை மாவட்டத்துக்கும் அனுப்ப வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.