குப்பை வடிநீருக்குப் பேரொட்சைட்டு வாங்குமுன்

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில் ஒரு பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் குப்பை மேட்டுக்குப் பதினைந்து வயது. மாரியில் அதிலிருந்து கறுத்த நீர் வடிந்து வயல் வாய்க்காலில் கலக்கிறது. காற்றூட்டும் தொட்டி கட்டியும் நிறம் மாறவில்லை. இரும்பு உப்பும் ஐதரசன் பேரொட்சைட்டும் ஊற்றும் பென்டன் முறை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்கிறார் ஓர் இரசாயன விற்பனை முகவர். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். நிறம் போகும் என்று அவர் சொன்னால் அது உண்மை. ‘எல்லாம் தீரும்’ என்பதுதான் வியாபாரம்.

உங்கள் காற்றூட்டும் தொட்டியில் கோளாறு இருக்க வேண்டியதில்லை. புதுக் குப்பையின் வடிநீரில் நுண்ணுயிர்கள் விரும்பித் தின்னும் அமிலங்கள் நிறைய இருக்கும்; அங்கே பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னச் செலவாகும் ஒட்சிசன்), சி.ஓ.டி.யில் (அழுக்கை இரசாயனத்தால் ஒட்சியேற்றத் தேவைப்படும் ஒட்சிசன்) பாதிக்கு மேல் வரும். மேடு கிழடாகும்போது அவை தீர்ந்து, மக்கிய இலையிலிருந்து ஊறுவது போன்ற கரும்பழுப்புச் சேர்வைகளே மிஞ்சும். அப்போது அந்த விகிதம் 0.1க்கும் கீழே இறங்கிவிடும். அந்தச் சேர்வைகளை நுண்ணுயிர்கள் எளிதில் சீந்தா. எனவே முதலில் இந்த இரண்டையும் அளந்து பாருங்கள். விகிதம் 0.4, 0.5 என்று வந்தால் முகவரை அனுப்பிவிட்டுத் தொட்டியைச் சீராக்குங்கள்.

பென்டன் முறை புதிதல்ல. இரும்பு உப்பும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்ந்தால் தாத்தாரிக்கமிலம் வேகமாக ஒட்சியேறுவதை ஹென்றி பென்டன் 1894இல் எழுதினார். அந்தக் கலவையில் பிறக்கும் ஐதரொட்சில் மூலிகம் ஓசோனைவிட வலிய ஒட்சியேற்றி. கரும்பழுப்புச் சேர்வைகளை அது உடைத்துப் போடும். ஆனால் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) 3ஐ ஒட்டி இருந்தால்தான் இது ஒழுங்காக நடக்கும். வடிநீரோ பெரும்பாலும் 8இல் நிற்கும். அமிலம் ஊற்றியதும் காபனீரொட்சைட்டு பொங்கி, தொட்டி விளிம்பைத் தாண்டி நுரை தள்ளும். ஐதரசன் சல்பைட்டும் கிளம்பலாம். அது ஆளைச் சாய்க்கும் வாயு. இந்த வேலையை மூடிய கொட்டிலுக்குள் செய்யவே வேண்டாம்.

இனிச் செலவு. ஒரு கிலோ சி.ஓ.டி.யை முழுவதும் எரிக்கக் கணக்குப்படி 2.1 கிலோ தூய பேரொட்சைட்டு வேண்டும். உங்கள் வடிநீரின் சி.ஓ.டி. லீற்றருக்கு 4000 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீற்றருக்கு 50 சதவீதக் கரைசல் 17 கிலோ. கறுப்பில் ஒரு பகுதி இரும்புச் சேற்றோடு படிந்துவிடும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே ஊற்றுவார்கள். என்றாலும் நாளுக்கு 20 கன மீற்றர் வடிந்தால் பீப்பாய்கள் எத்தனை என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அமிலம், சுண்ணாம்பு, சேற்றைக் காயவைக்கும் இடம் எல்லாம் தனி.

அதனால்தான் மழையைப் பற்றி முதலில் பேச வேண்டியிருக்கிறது. ஒரு ஹெக்டேயர் மேட்டில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் பத்து இலட்சம் லீற்றர். வாடைக்காற்றுக் காலத்தில் நம் கரையில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டுவது அதிசயமல்ல. அந்த நீருக்கெல்லாம் பேரொட்சைட்டு வாங்குவது சபைக்குக் கட்டுப்படியாகாது. மேட்டைக் களிமண்ணால் மூடி, சரிவு கொடுத்து, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி வெளி மழைநீரைத் திருப்பிவிடுங்கள். ஐப்பசிக்கு முன் முடிக்க வேண்டிய வேலை இது. எஞ்சும் வடிநீரை ஒரு குளத்தில் தேக்கிக் கச்சான் காற்றடிக்கும் வறண்ட காலத்தில் ஆறுதலாகச் சுத்திகரிக்கலாம்.

முகவர் வாய் திறக்காத விடயம் அமோனியா. பென்டன் அதைத் தொடுவதேயில்லை. நிறம் போன தெளிந்த நீரும் வாய்க்கால் மீனைக் கொல்லும். ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் உங்கள் காற்றூட்டும் தொட்டியில் அமோனியா நைத்திரேற்றாகட்டும்; அதன்பின் மிஞ்சும் கறுப்புக்கு மட்டும் பென்டன். உடைந்த துண்டுகளை நுண்ணுயிர்கள் ஓரளவு தின்னும் என்பதால், இடமிருந்தால் முடிவில் ஒரு நாணல் படுக்கை அமையுங்கள்.

பென்டனுக்குப் பதிலாக வேறு முறை என்றால், ஓசோனுக்கு மின்கட்டணம் கட்டுப்படியாகாது. புறஊதா விளக்கு இந்தக் கறுப்புக்குள் ஓர் அங்குலம்கூட ஊடுருவாது.

கொள்முதலுக்கு முன் அரை லீற்றர் சாடிகளில் சோதியுங்கள். பி.எச்.ஐ 3க்கு இறக்கி, இரும்பு உப்பான பெரசு சல்பேற்றை ஒரே அளவில் வைத்து, பேரொட்சைட்டை மட்டும் சாடிக்குச் சாடி கூட்டுங்கள். மெல்ல மெல்ல ஊற்றுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கலக்கி, சுண்ணாம்பால் பி.எச். 8க்கு ஏற்றி, படியவிட்டு மேல்நீரை எடுங்கள். உடனே சி.ஓ.டி. பார்க்காதீர்கள். மிஞ்சிய பேரொட்சைட்டும் சி.ஓ.டி.யாகவே காட்டும், முதல் தடவை இதில் நானும் ஏமாந்து, ஒரு நல்ல முடிவைத் தோல்வி என்று எழுதிவைத்தேன். ஓர் இரவு காற்றூட்டி, சோதனைத் தாளில் பேரொட்சைட்டு இல்லை என்று கண்டபின் அளந்து பாருங்கள். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு 2008ஆம் ஆண்டு வர்த்தமானி வைத்த எல்லை லீற்றருக்கு சி.ஓ.டி. 250, பி.ஓ.டி. 30 மில்லிகிராம். எந்தச் சாடி அதற்குள் வருகிறதோ, அதன் செலவுக் கணக்கோடு முகவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

வாங்குவதென்று முடிவானால், பீப்பாய்களை நிழலில், காற்றுவிடும் மூடியோடு வையுங்கள். துருவோ குப்பையோ உள்ளே விழுந்தால் பேரொட்சைட்டு சூடேறிச் சிதையும். அளந்தெடுத்ததில் மீதியைத் திரும்ப ஊற்றாதீர்கள். கீழே சிந்தினால் சாக்கையோ மரத்தூளையோ போட்டுத் துடைக்காமல், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.